தரவு மையத் தொழிலும் மேகக் கணிமையும்

தரவு மையத் தொழில் என்பது சர்வர்கள் இயங்குவதற்கு வேண்டிய இடம், தடையில்லா மின்சாரம், குளிரூட்டல், ஃபைபர் இணைப்பு ஆகியவற்றை வாடகைக்கு விடும் தொழில். 1990களின் நடுவில் இணையத்தோடு சேர்ந்து வளர்ந்தது. 2006க்குப் பிறகு மேகக் கணிமை, பேச்சுவழக்கில் கிளவுட், இதன் வாடிக்கையாளர்களையும் விலைக் கணக்கையும் முதலாளிகளையும் மாற்றிவிட்டது. கிளவுட் வந்தால் இந்தத் தொழிலே இருக்காது என்று ஆரூடம் சொன்னவர்கள் உண்டு. நடந்தது வேறு. சிறு வாடகைதாரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போக, அவர்களைத் தம் பக்கம் இழுத்த கிளவுட் நிறுவனங்களே பெரிய வாடகைதாரர்களாக வந்து சேர்ந்தன.

முன்வரலாறு

ஐ.பி.எம். 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 போன்ற மெயின்ஃப்ரேம்களுக்கு வங்கிகளும் விமான நிறுவனங்களும் தனி அறைகள் கட்டின. கேபிள்களும் குளிர்காற்றும் அடியில் ஓடுவதற்காகத் தரையை ஓரடி, இரண்டடி உயர்த்திப் பலகை பாவும் வழக்கம் அப்போது வந்தது. இன்றும் பல மையங்களில் தொடர்கிறது. சொந்தக் கணினி வாங்க வசதியில்லாதவர்கள் தொலைபேசிக் கம்பி வழியே அடுத்தவர் இயந்திரத்தில் நேரத்தை வாடகைக்கு எடுத்தார்கள். தொலைபேசியைப் போலக் கணிமையும் ஒருநாள் பொதுச் சேவையாகக்கூடும் என்று கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961இலேயே எம்.ஐ.டி. நூற்றாண்டு விழாவில் பேசினார். 1980களில் கணினி விலை சரிந்ததும் அந்த யோசனை கிடப்பில் போனது. ஒவ்வொரு அலுவலகமும் மாடிப்படிக்கு அடியிலோ கழிவறைக்குப் பக்கத்திலோ ஒரு சர்வர் அறை வைத்துக்கொண்டது.

கூண்டு வாடகை

இணையம் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதும் படிக்கட்டு அறை போதவில்லை. வலைத்தளம் என்றால் இரவு பகலாக ஓட வேண்டும், கரண்ட் போகக் கூடாது, பல நெட்வொர்க்குகளோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். கே.பி. சந்திரசேகரும் பி.வி. ஜகதீஷும் 1994இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸ், இந்தத் தேவையைத் தொழிலாக்கிய முன்னோடிகளில் ஒன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்திலுள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையத்தின் பெயரில் வரும் கே.பி.சி. இந்தச் சந்திரசேகர்தான்.

கல்யாண மண்டபக் கணக்குதான் இதிலும். ஹால், தண்ணீர், கரண்ட், ஜெனரேட்டர் மண்டபத்துக்காரர் பொறுப்பு. சமையலும் பந்தியும் வந்தவர் பொறுப்பு. கம்பி வலை அடித்த கூண்டு ஒன்றைப் பூட்டுச் சாவியோடு கொடுப்பார்கள். உள்ளே சர்வர் அடுக்குவதும் கெட்டுப்போனால் கழற்றுவதும் வாடகைதாரர் பாடு. வாடகை சதுர அடிக்கு. மின்சாரம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்தக் கணக்கில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துப் புகுந்தவர்களில் கூகுள் முக்கியம். 1999 தொடக்கத்தில் சாண்டா கிளாராவிலிருந்த எக்ஸோடஸ் மையத்தில் அதற்கு 7 அடிக்கு 4 அடி கூண்டு ஒன்று இருந்தது. உள்ளே சுமார் 30 கணினிகள். அப்போது கூகுள் நிறுவனர் லாரி பேஜோடு அங்கே போன பொறியாளர் உர்ஸ் ஹோல்ஸ்லே பின்னாளில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அனுப்பும் தரவுக்குத்தான் எக்ஸோடஸிடம் நெருக்கடி, உள்ளே வரும் தரவுக்கு இல்லை. தேடுபொறியின் தரவு சேகரிப்பு முழுக்க உள்வரவு என்று வாதாடி பேஜ் அதற்கு மலிவு விலை வாங்கிவிட்டார். அதே ஆண்டு கூகுள் தட்டுகளில் கார்க் பலகை விரித்து, பெட்டி எதுவுமில்லாத நான்கு நான்கு மதர்போர்டுகளைப் பக்கம் பக்கமாகக் கிடத்தி ரேக்குகளில் செருகியது. இடத்துக்குத்தான் வாடகை என்றால், அந்த இடத்தில் எவ்வளவு கணினி அடைக்க முடியுமோ அவ்வளவும் லாபம். வெளியேற்ற வேண்டிய வெப்பம் மண்டபத்துக்காரர் தலையில். 2000களின் நடுவில் இந்தத் தொழில் சதுர அடியைக் கைவிட்டு, கிலோவாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று விலை சொல்லத் தொடங்கியதற்கு இப்படி நெருக்கியடித்த ரேக்குகளே காரணம்.

டாட்காம் சரிவில் வாடகைதாரர்கள் மறைந்தார்கள். எக்ஸோடஸ் 2001 செப்டம்பரில் திவால் மனு தந்தது. அதன் மையங்களை வாங்கிய கேபிள் அண்ட் வயர்லெஸ் தன் அமெரிக்கப் பிரிவை 2003இல் அதே நீதிமன்ற வழிக்கு அனுப்பியது. அடுத்து வாங்கியது சாவிஸ். 2011இல் சாவிஸைத் தொலைபேசி நிறுவனமான செஞ்சுரிலிங்க் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2017இல் அது மையங்களை விற்க, சிக்ஸ்டெரா பிறந்தது. 2023 ஜூனில் சிக்ஸ்டெராவும் திவால். முதலீட்டு நிறுவனமான புரூக்ஃபீல்ட் அதை வாங்கித் தன் கையிலிருந்த இன்னொரு நிறுவனத்தோடு சேர்த்துவிட்டது. கட்டடத்துக்கு எந்தக் குறையும் இல்லை. எக்ஸோடஸ் காலத்துக் கட்டடங்கள் சில இந்தக் கைமாற்றங்கள் எல்லாவற்றையும் தாண்டி வந்தவை. கடன் வாங்கிக் கட்டிவிட்டு, கூண்டு கூண்டாக ஆள் தேடும் முறைதான் ஒவ்வொரு சரிவிலும் உடைந்தது.

தப்பிப் பிழைத்தது ஈக்வினிக்ஸ். அல் ஏவரியும் ஜே அடெல்சனும் 1998இல் தொடங்கிய நிறுவனம். எந்த நெட்வொர்க்குக்கும் சொந்தமில்லாத நடுநிலை இடம், போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே கூரைக்கடியில் இணைந்துகொள்ளலாம் என்பது அதன் வியாபார யோசனை. 2002இல் அதுவும் திவாலின் விளிம்புக்குப் போனது. அந்த ஆண்டின் கடைசி நாளில் சிங்கப்பூர் எஸ்.டி. டெலிமீடியாவின் தரவு மையப் பிரிவோடும் பிஹானா பசிபிக்கோடும் இணைந்து மீண்டது.

மணிக்கு 10 சென்ட்

அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 சேமிப்புச் சேவையையும் ஆகஸ்ட்டில் இசி2 என்ற கணினி வாடகைச் சேவையையும் திறந்தது. இசி2வின் முதல் வடிவத்தை உருவாக்கியது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்த சிறு குழு. ஒரு மெய்நிகர் கணினிக்கு மணிக்கு 10 சென்ட், சேமிப்புக்கு ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட். ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் மெய்நிகராக்க நுட்பம் அப்போது பக்குவப்பட்டிருந்தது. சும்மா கிடந்த சர்வர்களை அது வேலை வாங்கியது.

அதற்கு முன்னால் ஒரு சர்வர் வேண்டுமென்றால் கொள்முதல் ஆணை, டெலிவரி, ரேக்கில் ஏற்றுதல், கேபிள் இழுத்தல் என்று வாரக்கணக்கில் ஆகும். இப்போது கிரெடிட் கார்டும் சில நிமிடமும் போதும். கூண்டு வாடகைக்காரரிடம் ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் போடும் புதுத் தொழில்முனைவோர் என்ற இனமே ஏறக்குறைய அற்றுப்போனது. பெரிய நிறுவனங்கள் மெதுவாக வந்தன. 2008இல் தரவுத்தளம் பழுதாகி டிவிடி அனுப்புவது சில நாள் நின்றுபோன நெட்ஃபிளிக்ஸ், ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு 2016 ஜனவரியில் கிளவுட்டுக்கு முழுதாக மாறி முடித்தது.

மலிவு மின்சாரம் தேடிக் கிளவுட் நிறுவனங்கள் நகரங்களை விட்டும் வெளியேறின. கூகுள் 2006இல் ஒரெகனில் கொலம்பியா ஆற்றங்கரையிலுள்ள தி டேல்ஸ் ஊரிலும், மைக்ரோசாஃப்ட் 2007இல் வாஷிங்டன் மாநிலத்துக் குயின்சியிலும் சொந்த மையம் திறந்தன. இரண்டும் அணைக்கட்டு மின்சாரத்தை நம்பிப் போன இடங்கள். 2011இல் அதே ஒரெகனின் பிரைன்வில்லில் ஃபேஸ்புக் திறந்த மையத்தில் சில்லர் எனும் குளிர்விப்பு இயந்திரம் கிடையாது. வெளிக்காற்றை ஈரப்படுத்தி உள்ளே விடுவதுதான் குளிரூட்டல். முதல் கோடையில் கட்டுப்பாட்டுக் கோளாறால் வெப்பமும் ஈரமும் சுழன்று ஏறி, கூடத்துக்குள் நிஜ மேகம் கட்டிக்கொண்டது, சர்வர்கள் நனைந்தன. நிறுவனமே பின்னர் இதை வெளியில் சொன்னது.

இங்கே தரத்தின் அளவுகோலும் மாறியது. அதுவரை அப்டைம் இன்ஸ்டிடியூட்டின் அடுக்குத் தரவரிசைதான் வேதம். நான்காம் அடுக்கு என்றால் ஜெனரேட்டர், யுபிஎஸ், குளிரூட்டி எல்லாம் இரண்டிரண்டு. கிளவுட் நிறுவனங்களோ ஒரு கட்டடம் விழுந்தால் வேலை அடுத்த கட்டடத்துக்குத் தானாக நகரும்படி மென்பொருளை எழுதின. பிறகு ஒவ்வொரு கட்டடத்திலும் எல்லாவற்றையும் இரட்டிக்கும் செலவு எதற்கு என்று கேட்டன. மொத்த மின்சாரத்தைக் கணினிக்குப் போகும் மின்சாரத்தால் வகுக்கும் பியுஇ என்ற விகிதம் 2007 வாக்கில் பரவியது. அப்போது தொழிலின் சராசரி 2.5, கூகுள் இன்று காட்டுவது 1.1க்கு அருகில். 2010க்கும் 2018க்கும் இடையே உலகத் தரவு மையங்களின் கணிப்பு வேலை ஆறரை மடங்கானபோதும் மின்நுகர்வு சுமார் 6 விழுக்காடே கூடியது என்று ஆய்வாளர் எரிக் மசனெட் குழு 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் கணக்கிட்டது. மாடிப்படி அறைகள் மூடப்பட்டு வேலை பெரிய மையங்களுக்குப் போனது அதற்கு முக்கியக் காரணம். கிளவுட்டின் பெருமைகளில் மிகவும் உறுதியானது இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அந்த மின்சிக்கனம் நிலைக்கவில்லை.

காலி செய்தவர்களும் குடிவந்தவர்களும்

முதலில் கழன்றுகொண்டவை தொலைபேசி நிறுவனங்கள். வெரைசன் 29 தரவு மையங்களை 360 கோடி டாலருக்கு ஈக்வினிக்ஸுக்கு விற்றது. பேரம் 2017இல் முடிந்தது. செஞ்சுரிலிங்க்கும் ஏ.டி. அண்ட் டி.யும் அதே பாதையில் போயின. சொந்தமாகக் கிளவுட் சேவை தொடங்கி அமேசானோடு மோதிப் பார்த்துவிட்டுத்தான் இவை கைகழுவின.

ஈக்வினிக்ஸ் மோதவில்லை, கிளவுட்டுக்கு வாசல் கட்டிக்கொடுத்தது. 2011இல் அமேசான் டைரக்ட் கனெக்ட் என்ற நேரடி இணைப்புச் சேவையைத் தொடங்கியபோது அதற்கான முதல் இடம் வர்ஜீனியாவின் ஆஷ்பர்னிலுள்ள ஈக்வினிக்ஸ் வளாகம். வேலை என்னவோ மஞ்சள் உறை போட்ட ஃபைபர் கம்பியை ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்குத் தலைக்குமேல் ஓடும் தட்டில் இழுத்துச் செருகுவதுதான். அந்தச் சில மீட்டர் கம்பிக்கு மாதாமாதம் நூற்றுக்கணக்கான டாலர் கட்டணம். ஈக்வினிக்ஸின் தொடர் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய இணைப்புகளிலிருந்து வருகிறது. இடமும் மின்சாரமும் யாரும் தரலாம். வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே குடியிருக்கும் கட்டடத்தைப் புதிதாக ஒருவர் கட்டிவிட முடியாது.

மறுபக்கம் மொத்த வாடகை வளர்ந்தது. கிளவுட் நிறுவனங்களுக்குத் தேவை ஏறிய வேகத்துக்குச் சொந்தக் கட்டுமானம் ஈடுகொடுக்கவில்லை. அதனால் பெருநகரங்களை ஒட்டி முழுக் கட்டடங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தன. கிலோவாட் மெகாவாட்டானது. ஆயிரம் வாடிக்கையாளர்களோடு பேசும் விற்பனைப் பிரிவுக்குப் பதிலாக நான்கைந்து வாடிக்கையாளர்களோடு பேசும் ஒருவர் போதும் என்றானது. பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதும் அதோடு முடிவானது. கெட்டியான குத்தகைதாரர், நீண்ட ஒப்பந்தம் என்றதும் முதலீட்டுப் பணம் குவிந்தது. 2021இல் முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன், தரவு மைய நிறுவனமான கியூ.டி.எஸ்.ஸைச் சுமார் 1,000 கோடி டாலருக்கு எடுத்தது. அதே ஆண்டு செல்போன் கோபுர நிறுவனமான அமெரிக்கன் டவர், கோர்சைட் என்ற இன்னொரு தரவு மைய நிறுவனத்தை அதே அளவு விலைக்கு வாங்கியது.

எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. அமேசானில் வளர்ந்த டிராப்பாக்ஸ் தன் சேமிப்பைச் சொந்தச் சாதனங்களுக்கு மாற்றியது, இரண்டாண்டில் 7.46 கோடி டாலர் மிச்சம் என்று 2018 பங்கு வெளியீட்டு ஆவணத்தில் கணக்குக் காட்டியது. தேவை ஏறி இறங்காமல் சீராக இருப்பவர்களுக்கு மணிக்கணக்கு வாடகை கட்டுப்படியாகாது. ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைவு.

மின்சாரத் தட்டுப்பாடு

தரவு மையங்கள் நெருக்கமாகக் குவிந்த இடங்களில் மின்வலை முதலில் திணறியது. ஆஷ்பர்ன் அமைந்துள்ள லவுடன் கவுன்டியின் கிழக்குப் பகுதியில் புதிய மையங்களுக்கு உடனே மின்சாரம் தர முடியாது என்று மின் நிறுவனமான டொமினியன் எனர்ஜி 2022இல் அறிவித்தது. உற்பத்தியில் குறைவில்லை; அதைக் கொண்டுவரும் உயரழுத்தக் கம்பிகள்தான் போதவில்லை. அயர்லாந்தில் 2023ஆம் ஆண்டின் மின்நுகர்வில் 21 விழுக்காடு தரவு மையங்களுடையது. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனார்கள்.

இந்தியாவில் கடலடிக் கேபிள்கள் கரையேறும் மும்பையும் சென்னையும் இயல்பாகவே முந்திக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் 2015இல் தன் தென்னிந்தியக் கிளவுட் மண்டலத்தைச் சென்னையில் அமைத்தது. பணப்பரிவர்த்தனைத் தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு தேவையைக் கூட்டியது. தமிழ்நாடு 2021இல் தனித் தரவு மையக் கொள்கை வெளியிட்டது. அம்பத்தூரும் சிறுசேரியும் இதன் முக்கியக் களங்கள்.

2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் செயற்கை நுண்ணறிவு கணக்கை மறுபடி கலைத்தது. ஐந்து, பத்து கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்த ரேக்கின் இடத்தில் என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 சுமார் 120 கிலோவாட் கேட்கிறது. காற்றால் ஆறாது, சிப்பின்மேலேயே குளிர்திரவக் குழாய் போக வேண்டும். 2024இல் உலக மின்நுகர்வில் தரவு மையங்களின் பங்கு சுமார் 1.5 விழுக்காடு, அதாவது 415 டெராவாட் மணி. 2030க்குள் அது இரட்டிப்புக்கு மேல் போகலாம் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. அமெரிக்காவில் மூடிக்கிடந்த திரீ மைல் ஐலண்ட் அணு உலை ஒன்று மறுபடி திறக்கப்பட்டதும் அதனிடம் 20 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது.

அதே மைக்ரோசாஃப்ட் இன்று வாடகைதாரரும்கூட. செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய ஜிபியு சிப்புகளை வாடகைக்கு விடும் கோர்வீவின் 2024 வருவாயில் 62 விழுக்காடு மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. அந்தக் கோர்வீவ் டெக்சஸின் டென்டன் போன்ற இடங்களில் கோர் சயின்டிஃபிக்கின் வளாகங்களில் குடியிருக்கிறது. கோர் சயின்டிஃபிக் பிட்காயின் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த நிறுவனம். 2022 டிசம்பரில் திவால் மனு தந்து, 2024 ஜனவரியில் மீண்டது. ஐந்தே மாதத்தில் கோர்வீவ் அதனிடம் 200 மெகாவாட்டுக்கு 12 ஆண்டு ஒப்பந்தம் எழுதியது. பிட்காயின் கொட்டகைகளை ஜிபியுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டியாக வேண்டும். ஆனால் புதிதாக மனுப் போட்டால் ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டிய மின் இணைப்பு அங்கே ஏற்கெனவே உயிரோடு இருந்தது.