அர்பத்நாட் வீழ்ச்சியும் இந்தியன் வங்கியின் தோற்றமும்

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை அன்று சென்னையின் அர்பத்நாட் கம்பெனி தன் கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்று பெயர்களும் அப்போது சென்னை வணிகத்தின் உச்சியில் இருந்த ஆங்கிலேயப் பெயர்கள். மூன்றில் மிகவும் உறுதியானது என்று ஊர் நம்பியது அர்பத்நாட்டைத்தான். அந்தக் கம்பெனியே முதலில் சாய்ந்தது. அதே ஆண்டில் பின்னியும் தள்ளாடியது. பிற்காலத்தில் இஞ்ச்கேப் பிரபு என்று அறியப்பட்ட ஜேம்ஸ் மெக்கே கைகொடுத்ததால் அது தப்பியது. அர்பத்நாட்டுக்கு அப்படிக் கைகொடுக்க யாரும் இல்லை.

இத்தகைய கம்பெனிகளை ஏஜென்சி ஹவுஸ் என்பார்கள். ஏற்றுமதி, இறக்குமதி, கப்பல் முகவாண்மை, காப்பீடு, தோட்ட நிர்வாகம் என எல்லாத் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். அவற்றோடு, பொதுமக்களின் பணத்தை வைப்பாக வாங்கி வட்டி தருவதும் ஒரு தொழில். அரசாங்கச் சேமிப்பு வங்கி தந்ததைவிட வட்டி கூடுதல் என்பதால் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வக்கீல்களும் நிலக்காரர்களும் அர்பத்நாட்டில் பணம் போட்டார்கள். வெள்ளையர்களும் போட்டார்கள், இந்தியர்களும் போட்டார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது, எதில் முதலீடாகிறது என்று கேட்கும் உரிமை போட்டவர்களுக்கு இல்லை. அர்பத்நாட் ஒரு கூட்டு வியாபாரம். பங்குதாரர்கள் சிலர் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு நடத்திய அதற்கு, கணக்கை வெளியிடும் கட்டாயம் எதுவும் கிடையாது. கம்பெனியின் பெயரும் அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டின் சமூக அந்தஸ்துமே உத்தரவாதம். மாகாணத்தின் பொதுவாழ்விலும் வர்த்தக அமைப்புகளிலும் முன்வரிசையில் இருந்தவர் அவர்.

விபத்தின் வேர் லண்டனில் இருந்தது. கம்பெனியோடு பிணைந்திருந்த மக்ஃபாடியன் நிறுவனம் அங்கே துணிகரமான ஊக வணிகத்தில் இறங்கிப் பெரும் நஷ்டப்பட்டிருந்தது. அதை நடத்திய பேட்ரிக் மக்ஃபாடியன் அந்த அக்டோபரில் ரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். லண்டன் கிளை முறிந்ததும் சென்னையின் அடிமரம் நிற்கவில்லை. கணக்குகளைத் திறந்து பார்த்தபோது, கம்பெனி பல காலமாகவே கடனைத் தாங்க முடியாத நிலையில் இருந்தது தெரிந்தது. அந்த நிலையிலும் புது வைப்புகளை வாங்கிக்கொண்டே இருந்ததுதான் மக்களை அதிகம் கொதிக்க வைத்தது. தொழில் நஷ்டம் யாருக்கும் வரலாம். மூழ்குவதை அறிந்துகொண்டே பிறர் பணத்தைக் கைநீட்டி வாங்குவது வேறு வகைக் குற்றம்.

திவால் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. இராஜதானி நகரங்களில் அப்போது நடப்பில் இருந்தது 1848-ஆம் ஆண்டின் திவால் சட்டம். அதன்படி கடனாளியின் சொத்துகள் அஃபீஷியல் அசைனி என்ற அதிகாரியின் கைக்குப் போகும். அவர் விற்றுப் பங்கிடுவார். பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். போட்ட தொகை முழுதாகத் திரும்பவில்லை. வாழ்நாள் சேமிப்பை இழந்த குடும்பங்கள் பல. சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது குற்ற வழக்கும் நடந்தது. 1907-இல் அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. சர் பட்டம் பெற்ற ஒரு வெள்ளை வணிகர் இந்தியச் சிறைக்குப் போனது அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தி அல்ல. 1909-இல் இராஜதானி நகரங்களுக்குப் புதிய திவால் சட்டம் வந்தது.

திவால் வழக்கில் முன்னின்றவர்களில் முக்கியமானவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் 1863-இல் பிறந்தவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்தவர். மெட்ராஸ் லா ஜர்னல் என்ற சட்ட இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியையும் வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையையும் நிறுவியவர். எடுத்ததை முடிக்காமல் விடமாட்டார் என்று பெயர் எடுத்தவர். அர்பத்நாட் வழக்கை அவர் வக்கீலாக மட்டும் பார்க்கவில்லை. இழந்த பணத்துக்காக வாதாடுவதோடு நிறுத்தியிருந்தால் அவர் பெயர் சட்ட அறிக்கைகளில் மட்டும் இருந்திருக்கும். பிறருடைய கம்பெனியை நம்பிப் பணம் போடும் நிலையே இனி இருக்கக்கூடாது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

கம்பெனி முறிந்த சில நாட்களிலேயே இந்தியர்களுக்குச் சொந்தமான வங்கி ஒன்று தேவை என்ற பேச்சைக் கிருஷ்ணசாமி ஐயரும் அவரோடு சேர்ந்த பிரமுகர்களும் தொடங்கிவிட்டார்கள். அன்றைய சென்னையில் வங்கி என்றால் 1843-இல் தோன்றிய பாங்க் ஆஃப் மெட்ராஸ்தான். அது அரசாங்கத்தையும் ஆங்கிலேய வணிகத்தையும் சார்ந்தது. உள்ளூர் வியாபாரிக்கு அதன் கதவு எளிதில் திறக்காது. மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் போன்ற நிதிகள் 1872 முதலே இருந்தன. ஆனால் அவை உறுப்பினர்களின் சிறு சேமிப்புக்கும் கடனுக்குமானவை. வணிகத்துக்குப் பணம் தரும் அளவு அவற்றுக்கு இல்லை.

தொழிலறிவும் மூலதனமும் நகரத்தார்களிடம் இருந்தன. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் தலைமுறைகளாக வட்டித் தொழில் நடத்தியவர்கள் அவர்கள். இராமசாமி செட்டியார் இந்த முயற்சிக்குத் தோள் கொடுத்தார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் அண்ணன் அவர். மயிலாப்பூரின் சட்ட அறிவும் செட்டிநாட்டின் பண அறிவும் ஒன்றுசேர்ந்தது இந்த வரலாற்றின் மையம் என்றே சொல்ல வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது இந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியாது. 1907 மார்ச் 5 அன்று இந்தியன் வங்கி பதிவாயிற்று; ஆகஸ்ட் 15 அன்று வேலையைத் தொடங்கியது. அது பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று, இயக்குநர் குழுவை வைத்து, கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்திய கூட்டுப் பங்கு நிறுவனம். அர்பத்நாட்டில் இல்லாதது எதுவோ அதுவே இங்கே அடித்தளம் ஆனது.

காலமும் ஒத்துழைத்தது. 1905-இல் வங்காளப் பிரிவினையைத் தொடர்ந்து சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. 1906-இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அதே ஆண்டில் மங்களூரில் அம்மெம்பால் சுப்பாராவ் பை தொடங்கிய நிதி பின்னர் கனரா வங்கி ஆனது. ஆனால் கிருஷ்ணசாமி ஐயர் வ.உ.சி.யின் அணியைச் சேர்ந்தவர் அல்லர். காங்கிரசில் அவர் மிதவாதி. தீவிரவாதிகள் எனப்பட்ட எதிரணியை வெளிப்படையாக எதிர்த்தவர். அவருடைய சுதேசியம் கூட்டமேடைகளில் அதிகம் ஒலிக்கவில்லை; வங்கி, கல்லூரி, வைத்தியசாலை என்று நிறுவனங்களாக நின்றது.

அவர் மனம் எவ்வளவு விசாலமானது என்பதற்கு 1907-இல் நடந்த ஒன்று சான்று. பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் ஓர் இளைஞரைக் கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துச் சென்றார். வந்தவர் சுப்பிரமணிய பாரதி. தம் 'இந்தியா' இதழில் மிதவாதிகளைக் கடுமையாகத் தாக்கி எழுதிவந்தவர். அவர் பாடிக் காட்டிய தேசியப் பாடல்களைக் கேட்ட ஐயர் அவற்றைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார். பாரதியின் பாடல்கள் பெருமளவில் மக்களைச் சென்றடைந்தது அப்போதுதான். கட்சி மாறுபாட்டைத் தாண்டி ஒரு கவிஞனை அடையாளம் கண்ட இந்தச் செயல், வங்கியைத் தொடங்கியதற்குச் சற்றும் குறைந்தது அல்ல.

ஐயர் 1909-இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார். 1911-இல் ஆளுநரின் நிர்வாக சபைக்குப் போனார். அந்த ஆண்டு டிசம்பரில், ஐம்பது வயதை எட்டும் முன்பே காலமானார். வங்கி அவருக்குப் பின்னும் வளர்ந்தது. 1915-இல் அண்ணாமலைச் செட்டியார் இயக்குநர் குழுவுக்கு வந்தார். 1932-இல் கொழும்பில் கிளை திறந்தது. அதே சமயம் அது நகர வியாபாரிகளுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் பயன்பட்ட அளவுக்குக் கிராமத்து உழவர்களுக்குப் பயன்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கந்துவட்டியில் சிக்கிய உழவனுக்கு ஓரளவு வழி காட்டியவை 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான கூட்டுறவுக் கடன் சங்கங்கள். 1969 ஜூலை 19 அன்று இந்தியன் வங்கி நாட்டுடைமை ஆக்கப்பட்டது.

பணம் போட்டவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வரத்தான் அதிக காலம் பிடித்தது. வங்கிகளுக்கென்று தனிச்சட்டம் 1949-இல்தான் வந்தது. 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு, 1962-இல் வைப்புக் காப்பீடு தொடங்கியது. வங்கிக்கு வெளியே, கூடுதல் வட்டி ஆசை காட்டி வைப்பு வாங்கும் நிதி நிறுவனங்கள் 1990-களில் தமிழ்நாட்டில் வரிசையாக மூடின. அதன் பின்னரே, அர்பத்நாட் விழுந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1997-இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது.