ஹேண்டிகேப்

தொப்பியேந்திப் பிச்சை கேட்டதிலிருந்து பிறந்த சொல் என்று பலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. மூலம் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒரு பண்டமாற்று விளையாட்டு: 'ஹேண்ட் இன் கேப்', அதாவது 'தொப்பிக்குள் கை'.

இருவர் பொருள்களை மாற்றிக்கொள்ள முன்வருவார்கள். மதிப்புக் குறைந்த பொருளுக்கு உரியவர் எவ்வளவு ஈடு தர வேண்டும் என்பதை நடுவர் சொல்வார். மூவரும் தொப்பியில் பந்தயப் பணம் போடுவார்கள். இருவரும் உள்ளே கைவிட்டு, சம்மதமா இல்லையா என்பதை விரித்த கையாலோ மூடிய கையாலோ காட்டுவார்கள். இருவர் முடிவும் ஒன்றானால் பணம் நடுவருக்கு! நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல இதைவிட நல்ல தூண்டுதல் வேண்டுமா? 1660இல் ஆங்கிலேயரான சாமுவேல் பீப்ஸ் இவ்விளையாட்டைத் தன் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார்.

18ஆம் நூற்றாண்டில் சொல் குதிரைப் பந்தயத்துக்குத் தாவியது. வேகமான குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றி வாய்ப்பைச் சமமாக்கினார்கள்.

பாய்மரப் படகில் சுமை ஏற்றுவதில்லை, கடிகாரத்தையே திருத்துகிறார்கள். பிரிட்டனின் போர்ட்ஸ்மத் முறையில் ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கிப் படகு வகையின் எண்ணால் வகுக்க வேண்டும். 1000 எண் கொண்ட படகு 60 நிமிடத்தில் வந்தால் அதே 60. 1200 எண்ணுள்ள மந்தப் படகு 70 நிமிடம் எடுத்தாலும் கணக்கில் 58 நிமிடம் 20 விநாடி, வெற்றி அதற்கே.

ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் பாய்மரப் படகுப் போட்டியில் முதலில் எல்லை தொடும் படகுக்கு ஒரு பெருமை, திருத்திய நேரத்தில் வெல்வதற்கு டாட்டர்சால் கோப்பை. 1945இல் நடந்த முதல் போட்டியிலேயே 'ராணி' என்ற சிறு படகு இரண்டிலும் முதலிடம் பிடித்தது.