கடல்நீர் மீன்தொட்டிக் கண்ணாடிப் பாசி

கடல்நீர் மீன்தொட்டிக் கண்ணாடிப் பாசி என்பது உப்புநீர்த் தொட்டியின் உட்புறக் கண்ணாடியில் படலமாகவோ திட்டுகளாகவோ படரும் நுண்ணுயிர்களின் பொதுப்பெயர். டயாட்டம், பச்சைப்பாசி, செம்பாசி ஆகியவற்றோடு, பாசியைப் போலத் தோன்றினாலும் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த சயனோபாக்டீரியாவும் இதில் அடங்கும். வெளிச்சமும் ஊட்டமும் உள்ள எந்தத் தொட்டியும் இதற்குத் தப்பாது. கண்ணாடியைத் துடைப்பதால் தொட்டி தெளிவாகத் தெரியும். நீரிலுள்ள ஊட்டத்தைக் குறைத்தால்தான் பாசி குறையும். கொடைக்கானல் போன்ற மலையூர்களில் நீரின் தன்மையும் குளிரும் உயரமும் இந்தப் பராமரிப்பில் தனிக் கவனம் கோருகின்றன.

வரலாறு

மீன்தொட்டியின் கண்ணாடியை உயிர்களைக் கொண்டே தூய்மையாக வைக்கும் முறை பழையது. இங்கிலாந்து வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், 1850-ஆம் ஆண்டை ஒட்டிய தம் ஆய்வுகளில் நன்னீர்த் தொட்டியில் மீன், நீர்த்தாவரம் ஆகியவற்றோடு நத்தைகளையும் சேர்த்து வளர்த்தார். அழுகும் இலைகளையும் பாசியையும் நத்தைகள் தின்றதால் தொட்டி நிலைபெற்றது. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இதற்கு முன்னோடி, சென்னை மெரினா கடற்கரையில் 1909-இல் திறக்கப்பட்ட மீன்காட்சியகம். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் இதற்கு வித்திட்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இது மூடப்பட்டது. இன்று மண்டபம் என்னும் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் கடல்நீர்க் காட்சித்தொட்டிகள் உள்ளன.

வகைகள்

பாசியின் நிறமும் பிடிப்பும் காரணத்தைச் சொல்லிவிடும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்புத் தூள் போலப் படிவது டயாட்டம். இதன் செல்சுவர் சிலிக்காவால் ஆனது. நீரில் சிலிக்கேட் தீர்ந்தால் தானே அடங்கும். விரலால் தடவினாலே கலைந்துவிடும்.

இரண்டு மூன்று நாளில் கண்ணாடியை மங்கலாக்கும் மெல்லிய பச்சைப் படலம், நன்றாக நடக்கும் தொட்டிகளிலும் வருவது. ஒரே நாளில் அடர்த்தியாகப் படர்ந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்துவிட்டன என்று பொருள். ஊதா அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் ஓடுபோல இறுகிப் பிடிப்பது சுண்ணச் செம்பாசி. கால்சியமும் காரத்தன்மையும் சீராக இருப்பதற்கு இது நல்ல அறிகுறி. முன் கண்ணாடியில் மட்டும் சுரண்டினால் போதும். கருஞ்சிவப்பு நிறத்தில் வழவழப்பான தோலாக உரிவது சயனோபாக்டீரியா. நீரோட்டம் தேங்கும் மூலைகளில் இது முதலில் தலைகாட்டும்.

துடைக்கும் முறை

கண்ணாடியின் உள்ளேயும் வெளியேயும் ஒட்டி நகரும் காந்தத் துடைப்பான் அன்றாட வேலைக்குப் போதும். மணற்பரப்பை ஒட்டி இழுக்கும்போது ஒரு மணல் துகள் பட்டையில் சிக்கினாலும் கண்ணாடியில் நீளக் கீறல் விழும். அந்தக் கீறல் போகாது. ஆகவே மணலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே துடைப்பானை நிறுத்தி, எஞ்சிய பகுதியைக் கையால் துடைப்பது நல்லது. இறுகிய சுண்ணப் பாசிக்கு பிளேடு வேண்டும். மூலைகளில் உள்ள சிலிக்கோன் ஒட்டில் பிளேடு பட்டால் தொட்டி கசியும். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு கூடவே கூடாது. பிளாஸ்டிக் அட்டை போதும். துடைத்தபின் நீரில் மிதக்கும் பாசியை வடிகட்டிப் பஞ்சில் பிடித்து, அந்தப் பஞ்சை உடனே அலச வேண்டும். விட்டுவிட்டால் அது அழுகி மறுபடியும் ஊட்டமாகிவிடும்.

ஊட்டக் கட்டுப்பாடு

கடல் நுண்பாசிகளில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறத்தாழ 106:16:1 என்ற விகிதத்தில் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் எடுத்துக்காட்டினார். சிறிதளவு பாஸ்பேட் பெருமளவு பாசியை வளர்க்க வல்லது என்பதை இந்த விகிதம் விளக்குகிறது. தொட்டிக்குள் பாஸ்பேட் பெரும்பாலும் தீனி வழியே வருகிறது. மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுவது, உறைந்த தீனியை அலசிப் போடுவது, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது, நுரைப் பிரிப்பானை ஒழுங்காகக் கழுவுவது ஆகியவை அடிப்படை. விளக்கை நாளுக்கு 8 மணி நேரத்தோடு நிறுத்தலாம். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு இல்லாமல் ஆக்குவதும் நல்லதன்று. அப்போது டைனோஃபிளாஜெல்லேட் எனும் வேறு வகை நுண்ணுயிர் பெருகி இன்னும் தொல்லை தரும்.

நத்தைகளும் சட்டமும்

பாசி தின்னும் நத்தை கண்ணாடியில் ஊர்வதை வெளியிலிருந்து பார்த்தால், அரம் போன்ற நாக்கு விரிந்து சுருங்குவதும், அது போன வழியில் நெளிநெளியாகத் தெளிந்த தடம் விழுவதும் தெரியும். வெளிநாட்டுக் கையேடுகள் ட்ரோகஸ், டர்போ நத்தைகளைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் ட்ரோகஸ் நைலோட்டிகஸ், டர்போ மார்மோரேட்டஸ் ஆகியவை 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளன. பவளங்களும் கடல் அட்டைகளும் அப்படியே. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துவரக் கூடாது. ஆகவே நம் நாட்டில் தொட்டி வைப்போர் கையால் துடைப்பதையும் ஊட்டம் குறைப்பதையுமே முதன்மையாக நம்ப வேண்டும்.

பழனி மலையில் தனித்தன்மைகள்

கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. இத்தகைய சிலிக்கேட் பாறைகளில் ஊறிவரும் நீர் மென்னீராக இருக்கும், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் குறைந்த அளவே காட்டும். அதைப் பார்த்து நீர் தூயது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கரைந்த சிலிக்கா பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாத சிலிசிக் அமிலமாக இருப்பதால் அந்த மீட்டர் அதை உணராது. மாதக்கணக்கில் பழுப்புப் படலம் போகவில்லை என்றால் இந்தச் சிலிக்காவைத்தான் முதலில் ஐயுற வேண்டும். ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பின் அயனி நீக்கும் பிசினையும் சேர்த்து, சிலிக்கேட் சோதனைத் திரவத்தால் சரிபார்ப்பதே வழி. ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றுவதும் இந்த நீராகவே இருக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு முறையும் சிலிக்கா சேர்ந்துகொண்டே போகும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைவு. நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். பாசி இரவில் ஆக்சிஜனை உட்கொள்வதால், அடர்ந்த பாசியுள்ள தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து திணறும். நீர்ப்பரப்பைக் கலக்கும் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். குளிர்கால இரவுகளில் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் காக்க ஹீட்டர் தேவை. குளிருக்காகத் தொட்டியைச் சன்னல் வெயிலில் வைப்பது பாசியை வளர்ப்பதில்தான் முடியும்.

சுற்றுச்சூழல்

மதுரை ஆட்சியர் வேரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியும் ஊட்டப் பெருக்கத்தால் அவதிப்படுகிறது. கழிவுநீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீர்க்களைகளை வளர்க்கின்றன. களைகளை எந்திரங்களால் அகற்றினாலும் கழிவு வந்துகொண்டிருக்கும்வரை அவை திரும்ப முளைக்கும். ஏரியின் உபரிநீர் வெள்ளி நீர்வீழ்ச்சி வழியே கீழிறங்குகிறது. எனவே மீன்தொட்டியில் மாற்றிய உப்புநீரையோ, சுரண்டிய பாசியையோ, வேண்டாத மீன்களையோ ஏரியிலும் சோலைக்காட்டு ஓடைகளிலும் கொட்டக் கூடாது. மலையில் தொட்டி வைப்போர் ஒவ்வொருவரும் இதைக் கடமையாகக் கொள்ள வேண்டும்.