துண்டு துண்டாக விற்கப்பட்ட பயணச்சீட்டு

அமெரிக்காவில் 1938 முதல் நாற்பது ஆண்டுக் காலம், மாநில எல்லையைக் கடக்கும் ஒரு விமானம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பறக்கலாம், அதற்குப் பயணியிடம் எவ்வளவு வாங்கலாம் என்பவற்றை விமான நிறுவனங்கள் அல்ல, குடிமை வானூர்தி வாரியம் என்ற அரசு அமைப்பே முடிவு செய்தது. விலையில் போட்டியிட வழியற்ற நிறுவனங்கள் உணவிலும் உபசரிப்பிலும் போட்டியிட்டன. ஆகவே அக்காலப் பயணச்சீட்டு என்பது இருக்கை, பெட்டி, சாப்பாடு ஆகிய யாவும் அடங்கிய ஒரே விலையாக இருந்தது. அந்த விலையைக் கொடுக்க இயலாதவர்கள் பேருந்திலேயே பயணம் செய்தார்கள்.

வாரியத்தின் அதிகாரம் ஒரே மாநிலத்துக்குள் பறக்கும் விமானங்களைக் கட்டுப்படுத்தவில்லை. டெக்சஸ் மாநிலத்தின் சவுத்வெஸ்ட் நிறுவனம் இந்த இடைவெளியின் வழியே நுழைந்து, 1971 ஜூன் மாதத்தில் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அந்தோனியோ ஆகிய மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. மறு ஆண்டே பண நெருக்கடியால் தன்னிடமிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, எஞ்சிய மூன்றைக் கொண்டே நான்கின் வேலையைச் செய்ய, தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் கிளப்பும் பழக்கத்தை அது உண்டாக்கியது. விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமே என்னும் இந்த அறிவுதான் மலிவுக் கட்டண விமானத் தொழிலின் உண்மையான அடித்தளம். பயணியிடம் எதைக் குறைப்பது என்ற சிந்தனை அதற்குப் பின்னரே வந்தது.

1978 அக்டோபரில் நிறைவேறிய ஒழுங்குமுறை நீக்கச் சட்டம் கட்டணத்தையும் வழித்தடத்தையும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டது. இதன் பயனாக 1981இல் நியூவர்க் நகரில் டொனால்ட் பர் என்பவரின் தலைமையில் தோன்றிய பீப்பிள் எக்ஸ்பிரஸ், பயணச்சீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தது: பெட்டியை ஒப்படைக்க மூன்று டாலர், காப்பிக்கு ஐம்பது சென்ட், கட்டணமோ விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே பேருந்து நடத்துநர் வசூலிப்பதைப் போல இருக்கைதோறும் வந்து வாங்கப்பட்டது. பெட்டியின்றிப் பயணம் செய்யும் மாணவர் ஒருவர், நான்கு பெட்டிகளோடு வருபவரின் சுமைக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை என்ற அளவில் இம்முறையில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை இன்றும் மறுப்பதற்கில்லை.

அந்நிறுவனத்தை வீழ்த்தியது வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறி. ராபர்ட் கிரேண்டால் தலைமையிலான அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஒரே விமானத்தில் இரண்டு விதமான மனிதர்கள் ஏறுகிறார்கள் என்பதைக் கணக்கில் கொண்டது: விடுமுறைப் பயணத்தை வெகு முன்பே திட்டமிட்டு மலிவை நாடுபவர் ஒருவர், நாளைய கூட்டத்துக்காக இன்று சீட்டு வாங்கி, அலுவலகச் செலவில் பறக்கும் வணிகர் மற்றொருவர். எப்படியும் காலியாகப் போகக்கூடிய இருக்கைகள் எத்தனை என்பதைப் பழைய விற்பனைக் கணக்கிலிருந்து மதிப்பிட்டு, அவற்றை மட்டும் முன்கூட்டி வாங்குவோருக்கு அடிமாட்டு விலையில் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றைக் கடைசி நேர வணிகருக்காக உயர்ந்த விலையில் காத்துவைக்கும் இந்த உத்திக்கு வருவாய் மேலாண்மை என்று பெயர். 1985 ஜனவரியில் இதன்படி அறிவிக்கப்பட்ட சலுகைக் கட்டணங்கள் பீப்பிள் எக்ஸ்பிரஸின் சொந்தச் சந்தையிலேயே அதை எதிர்கொண்டன. அத்தகைய கணக்கைப் போடும் கருவி தன்னிடம் இல்லாத அந்நிறுவனம் 1986இல் கைமாறி, 1987இல் கான்டினென்டல் நிறுவனத்தில் கரைந்து மறைந்தது. காலி இருக்கை கடைசி நாளில் மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் ஏமாறுவதற்கும், முன்கூட்டியே பதிவு செய்பவர் ஆதாயம் அடைவதற்கும் காரணம் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

இவ்விரண்டு முறைகளும், அதாவது பயணத்தைப் பிரித்து விற்பதும் நேரத்துக்கேற்ப விலை வைப்பதும், ஒரே இடத்தில் சேர்ந்தபோது மிகமலிவுக் கட்டண நிறுவனம் என்ற புதிய வகை உருவாயிற்று. ஐரோப்பாவில் அயர்லாந்தின் ரயன்ஏர் இதற்கு முன்னோடி. 2006இல் ஒப்படைக்கும் பெட்டிக்குத் தனிக் கட்டணம் விதித்த அது, பிராங்பர்ட் பெயரைத் தாங்கி அந்நகரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹான் போன்ற விமான நிலையங்களையும் பயன்படுத்தியது. அங்கே இறங்குபவர் நகருக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்தையும் பயணச்சீட்டோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 2007இல் இவ்வழிக்குத் திரும்பிய ஸ்பிரிட் நிறுவனம், 2010 ஆகஸ்டில் இருக்கைக்கு மேலுள்ள தட்டில் வைக்கும் கைப்பெட்டிக்கும் பணம் கேட்டது. முன்னிருக்கைக்கு அடியில் அடங்கும் சிறு பை மட்டுமே இலவசமாக இருந்தது. பெட்டிக்கான தொகை பயணத்தைப் பதிவு செய்யும்போது மிகக் குறைவாகவும், பிறகு படிப்படியாக உயர்ந்தும், விமானத்தில் ஏறும் வாயிலில் உச்சமாகவும் இருந்தது. 2012இல் அந்த உச்சம் 100 டாலரை எட்டியது. இந்தப் பிரிப்புக்கு வரிச் சட்டமும் துணைநின்றது: உள்நாட்டுக் கட்டணத்தின்மீது நடுவண் அரசு விதிக்கும் 7.5 விழுக்காடு வரி, பெட்டிக்கென்று தனியாக வாங்கும் தொகைக்குப் பொருந்தாது.

தவிர்க்க முடியாத வரிகளும் கட்டணங்களும் விளம்பர விலையிலேயே அடங்கியிருக்க வேண்டும் என்ற அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது; ஸ்பிரிட் உள்ளிட்ட நிறுவனங்கள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் விதியையே உறுதி செய்தது. புறப்பாட்டுக்கு ஏழு நாளுக்கு முன்பே வாங்கிய சீட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யும் உரிமையும் பயணிக்குக் கிடைத்தது. பதிவு செய்தபின் பெட்டி, இருக்கைத் தேர்வு எல்லாவற்றையும் கூட்டி வேறு நிறுவனத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு நாள் போதுமானது. ஆனால் விதி தவிர்க்க முடியாத கட்டணத்தை மட்டுமே கட்டுப்படுத்தியதால், தவிர்க்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட தொகைகள் அதற்கு வெளியே நின்றன. ஸ்பிரிட் இணையம் வழியாகப் பதிவு செய்வோரிடம் வசூலித்துவந்த பயன்பாட்டுக் கட்டணம் அவ்வகையைச் சேர்ந்தது. விமான நிலையத்துக்கு நேரில் போய்ச் சீட்டு வாங்கியவர்கள் அதைச் செலுத்த வேண்டியிருக்கவில்லை.