ஆறு நாடுகள் ரக்பி: கல்கத்தா வெள்ளியும் திறக்காத கதவும்

ஐரோப்பாவின் ஆறு தேசிய அணிகள் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மோதும் ரக்பி யூனியன் தொடர், ஆறு நாடுகள் சாம்பியன்ஷிப் என்று அழைக்கப்படுகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகியவையே அந்த ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடன் ஒருமுறை மோதுகிறது. மொத்தம் 15 ஆட்டங்கள். அரையிறுதியோ இறுதி ஆட்டமோ கிடையாது. ஓராண்டு சொந்த மண்ணில் சந்தித்த அணியை மறு ஆண்டு அதன் மண்ணில் சந்திக்க வேண்டும்.

வெற்றிக்கு 4 புள்ளிகளும் சமநிலைக்கு 2 புள்ளிகளும் வழங்கப்படுகின்றன. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட 'டிரை' எடுக்கும் அணிக்கும், ஏழு அல்லது அதற்குக் குறைவான புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் அணிக்கும் தலா ஒரு கூடுதல் புள்ளி வழங்கும் முறை 2017ஆம் ஆண்டு அறிமுகமானது. ஐந்து ஆட்டங்களிலும் வெல்வது 'கிராண்ட் ஸ்லாம்' எனப்படுகிறது. அவ்வாறு வென்ற அணி, கூடுதல் புள்ளிக் கணக்கால் பட்டத்தை இழந்துவிடக் கூடாது என்பதற்காகத் தனியே 3 புள்ளிகள் தரப்படுகின்றன. கடைசி இடம் பெறும் அணிக்கு 'மரக்கரண்டி' என்ற கேலிப் பட்டம் உண்டு. அப்படியொரு பரிசு உண்மையில் வழங்கப்படுவதில்லை.

இத்தொடருக்குள் தரப்படும் தனிக் கோப்பைகளில் மிகப் பழமையானது இந்தியாவில் உருவானது. 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், கல்கத்தாவில் வசித்த ஆங்கிலேயர்கள் ஒரு பக்கமும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் மறுபக்கமுமாக ஒரு ரக்பி ஆட்டம் ஆடினர். அந்த உற்சாகத்தில் அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. ஆனால் வங்கத்தின் வெப்பம் ரக்பிக்கு ஒத்துவரவில்லை; உறுப்பினர்கள் போலோவுக்கும் டென்னிசுக்கும் மாறினர். இலவச மது நிறுத்தப்பட்டதும் கூட்டம் கரைந்தது என்ற கதையும் உண்டு. கழகத்தைக் கலைக்க முடிவு செய்தவர்கள், வங்கியில் எஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாகப் பெற்று, உருக்கி, ஒரு கோப்பை செய்வித்தனர். இந்தியக் கைவினைஞர்களின் வேலைப்பாட்டில் அமைந்த அக்கோப்பையின் மூன்று கைப்பிடிகளும் நாகப்பாம்பு வடிவில் உள்ளன. மூடியின் உச்சியில் யானை நிற்கிறது. 1878ஆம் ஆண்டு இங்கிலாந்து ரக்பி சங்கத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக முதன்முறையாக மோதின. ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

இன்றும் ஆறு நாடுகள் தொடரில் இவ்விரு அணிகளும் மோதும் ஆட்டம் கல்கத்தா கோப்பைக்கான ஆட்டமே. 1988ஆம் ஆண்டு ஆட்டம் முடிந்த இரவில், இரு அணிகளையும் சேர்ந்த வீரர்கள் எடின்பரோ வீதியில் அதை உதைத்து விளையாடியதால் கோப்பை நசுங்கியது. நூறாண்டு கடந்த கைவேலை, ஒரே இரவின் கூத்தில் உருக்குலைந்தது. பின்னர் அது சீர்செய்யப்பட்டது. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஸ்காட்லாந்து இக்கோப்பையை வென்றது.

கோப்பையைவிடத் தொடர் இளையது. 1883ஆம் ஆண்டு பிரிட்டன், அயர்லாந்தைச் சேர்ந்த நான்கு அணிகளுடன் அது தொடங்கியது. இங்கு 'நாடு' என்பதும் அரசியல் எல்லையைக் குறிப்பதன்று. அயர்லாந்துக் குடியரசும், பிரிட்டனின் ஆளுகையில் உள்ள வட அயர்லாந்தும் ஒரே அணியாகவே களமிறங்குகின்றன. வட அயர்லாந்தில் வன்முறை மூண்டிருந்த 1972ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளின் செல்ல மறுத்ததால் தொடர் முற்றுப்பெறவில்லை. மறு ஆண்டு இங்கிலாந்து அணி டப்ளின் சென்றது. மைதானம் எழுந்து நின்று கரவொலி எழுப்பி வரவேற்றது. ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்றது. அந்த ஆண்டு ஐந்து அணிகளும் உள்ளூர் ஆட்டங்களில் மட்டுமே வென்றதால், பட்டத்தை ஐந்தும் பகிர்ந்துகொண்டன.

புதியவர்கள் நுழைவது எளிதாக இருந்ததில்லை. 1910ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பிரான்ஸ், வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுப்பதாகக் குற்றம்சாட்டப்பட்டு 1931ஆம் ஆண்டுத் தொடருக்குப் பின் விலக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1947ஆம் ஆண்டுதான் மீண்டும் களம் கண்டது. இத்தாலி 2000ஆம் ஆண்டு ஆறாவது அணியாக வந்தது. தனது முதல் ஆட்டத்திலேயே, முந்தைய ஆண்டின் சாம்பியனான ஸ்காட்லாந்தை ரோம் நகரில் 34-20 என்ற கணக்கில் வீழ்த்தியது. அந்த வேகம் நீடிக்கவில்லை. 2015ஆம் ஆண்டிலிருந்து இத்தொடரில் அடுத்தடுத்து 36 ஆட்டங்களில் தோற்ற இத்தாலி, 2022 மார்ச் மாதம் கார்டிஃபில் வேல்ஸை 22-21 என வென்றபோதுதான் அந்தத் தொடர் தோல்விக்கு முடிவு கட்டியது.

தோல்விகள் நீண்ட அந்த ஆண்டுகளில்தான் ஜார்ஜியாவைச் சேர்க்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. 'லேலோ' என்ற மரபான பந்தாட்டத்தைத் தன் கிராமங்களில் ஆடிவந்த அந்நாட்டில் ரக்பி வேரூன்றியதில் வியப்பில்லை. ஐரோப்பாவின் இரண்டாம் நிலைத் தொடரில் ஜார்ஜியா ஆண்டுக்கணக்கில் ஆதிக்கம் செலுத்திவருகிறது. 2022ஆம் ஆண்டு மட்டும், பத்தூமி நகரில் இத்தாலியை 28-19 எனவும், கார்டிஃபில் வேல்ஸை 13-12 எனவும் வென்றது. இவை எவையும் அதற்கு ஆறு நாடுகள் தொடரில் இடம் பெற்றுத் தரவில்லை. கால்பந்து லீக்குகளில் உள்ளது போன்ற ஏற்றமும் இறக்கமும் இங்கு இல்லை. எத்தனை முறை கடைசி இடம் பிடித்தாலும் அணி வெளியேற்றப்படாது.

இதற்குக் காரணம் மரபு மட்டுமன்று, பணமும்தான். தொடரை நடத்துவது பங்கேற்கும் ஆறு நாடுகளின் ரக்பி சங்கங்களே. நுழைவுச்சீட்டு விற்பனையும் ஒளிபரப்பு உரிமமும் அச்சங்கங்களின் முதன்மை வருவாய். 2021ஆம் ஆண்டு சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனம் தொடரின் ஏழில் ஒரு பங்கை 36.5 கோடி பவுண்டு வரையிலான தொகைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. ஓராண்டு தொடரை விட்டு இறங்கும் அணி, தன் நாட்டில் அந்த விளையாட்டை நடத்துவதற்கான நிதியையே இழக்க நேரிடும். வேல்ஸ் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளும் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் கடைசி இடம் பெற்றதால், இந்தக் கேள்வி இத்தாலியை மட்டும் சுட்டுவதாக இல்லை. ஆனால் தாமே வெளியேற நேரிடும் ஒரு விதியை, முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் ஆறு சங்கங்களும் விரும்பி ஏற்பதற்கான அறிகுறி தென்படவில்லை.

ஜார்ஜியா அதே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ருமேனியா, ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற அணிகளுடன் இரண்டாம் நிலைத் தொடரில் ஆடிவருகிறது.