மூணாவது மாடியிலிருந்து உலகம் சுற்றுவது எப்படி?

இன்னிக்கு நோய் பத்தின த்ரெட் இல்லை. இருந்த இடத்துல இருந்தே உலகத்தைப் பார்க்கிற பழக்கம் நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னு ஒரு சின்ன வரலாறு. கடைசியில ஒரு வேண்டுகோளும் இருக்கு.

1) தண்டையார்பேட்டை பக்கம் ஒரு ஹவுசிங் போர்டு வீடு. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர். பக்கவாதம் வந்து இடது கை, கால் விளங்காம ஒன்றரை வருஷமா கீழே இறங்கலை. நான் போனப்போ செல்போன்ல யூடியூப் பார்த்துட்டு இருந்தார். யாரோ ஒருத்தர் கேமராவைப் பிடிச்சுக்கிட்டு ஜப்பான் தெருக்கள்ல நடந்துக்கிட்டே இருக்கார். பேச்சு இல்லை, பாட்டு இல்லை.

"ஆயுசு பூரா கப்பலுக்கு சரக்கு ஏத்துனேன் டாக்டர். ஒரு கப்பல்லயும் ஏறிப் போனதில்ல"ன்னார்.

2) இந்த ஆசைக்கு வயசு 130 வருஷம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு மக்களுக்கு சலனப்படம் காட்டினார்கள். அவங்க கருவியில ஒரு விசேஷம். படம் பிடிக்கவும் அதுதான், பிரிண்ட் போடவும் அதுதான், திரையில் காட்டவும் அதுதான். அவங்க ஆட்கள் ஊர் ஊராப் போய்ப் படம் காட்டுவாங்க, அந்த ஊரையும் படம் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. இன்னிக்கு உங்க கையில இருக்கிற செல்போன் செய்யறதும் அதேதானே?

3) 1896 ஜூலை 7-ல் அது பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள நம்ம விக்டோரியா பப்ளிக் ஹாலிலும் படம் காட்டிட்டாங்க. ஆனா இதெல்லாம் நகரத்துல, வசதியானவங்க கூடுற இடங்கள். சாதாரண ஜனங்ககிட்ட அதைக் கொண்டு போனவர் ஒரு ரயில்வே ஊழியர்.

4) பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர். திருச்சியில் ரயில்வே வரைவாளர் வேலை. 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டே திருச்சி வந்தவர், அங்க உடம்பு முடியாமப் போய் ஊர் திரும்ப முடிவு பண்ணார். அவருடைய புரொஜெக்டரையும் படங்களையும் வின்சென்ட் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய தொகைன்னு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்கு வந்த காய்ச்சலோ என்னவோ, தமிழ்நாட்டு சினிமா வரலாறே மாறிடுச்சு!

5) வேலையை விட்டார். கூடாரம் அடிச்சு, ஊர் ஊராப் படம் காட்டினார். வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போனார். 1909-ல் சென்னை எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார். நம்ம ராயபுரத்திலிருந்து நடந்து போற தூரம்தான். அப்புறம் ரகுபதி வெங்கையா கட்டின தியேட்டர்கள் வந்தன. அதுல கிரவுன், நம்ம மின்ட் தெருவில்.

6) இப்போ 1973-க்கு வாங்க. எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்'. ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர், தாய்லாந்துன்னு படம் பிடிச்சிருந்தாங்க. ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியும் அதில் வரும். பாஸ்போர்ட்டே பார்க்காத ஜனங்க அந்தக் கண்காட்சியைச் சுத்திப் பார்த்தது டிக்கெட் காசுலதான்.

நம்ம பெரியவரும் அதை அகஸ்தியாவில் பார்த்தவர். கொஞ்ச வருஷத்துல துறைமுகத்தின் பாரதி டாக்கிலிருந்து இரும்புத்தாது கப்பல் கப்பலா ஜப்பானுக்குப் போச்சு. "படத்துல பாத்த ஊருக்குத்தான் போவுதுன்னு நெனச்சுக்குவேன்"னார்.

7) வின்சென்ட் புரொஜெக்டர் வாங்கி சரியா 100 வருஷம் கழிச்சு, 2005-ல், யூடியூபின் முதல் வீடியோ ஏறியது. 19 விநாடி. சான் டியாகோ மிருகக்காட்சி சாலையில் யானைக் கூண்டு முன்னால ஒரு இளைஞர் நின்னு பேசறார், அவ்வளவுதான். 2016-க்கு அப்புறம் நம்ம ஊர்ல டேட்டா மலிவாச்சு. 2020 ஊரடங்கில் எல்லாருமே வீட்டுக்குள்ள இருந்து உலகம் சுத்தினோம். அதே வருஷம் அகஸ்தியா மூடப்பட்டது.

8) டாக்டரா ஒண்ணு சொல்லணும். பக்கவாதம் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது. "சும்மா போனை நோண்டாதீங்க"ன்னு அவங்களை அதட்டாதீங்க. பிடிச்ச ஊரைத் தேடிப் போட்டுக் குடுங்க. பக்கத்துல உட்கார்ந்து நீங்களும் பாருங்க. ஆனா பிசியோதெரபிக்கு வீடியோ மாத்து கிடையாது.

9) கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "காசிமேடு இப்ப எப்டி இருக்கு டாக்டர்?" வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒசாகாவைத் தினமும் பார்க்கிறவருக்குக் காசிமேட்டைப் பார்க்க வழியில்லை. காசிமேடு வீடியோவும் யூடியூபில் இருக்கு, போட்டுக் காட்டியிருக்கலாம். எனக்கு மனசு வரலை.

மகள்கிட்ட சொன்னேன். அந்த பிளாக் பசங்க நாலு பேர் அடுத்த ஞாயித்துக்கிழமை அவரை பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சுத் தூக்கி, ஆறு இடத்துல நின்னு நின்னு, கீழே இறக்கினாங்க. ஆட்டோவுல காசிமேடு. அரை மணி நேரம் மீன் ஏலம் பார்த்துட்டு வந்திருக்கார்.

10) வேண்டுகோள் இதுதான். உங்க பிளாக்ல, உங்க தெருவுல, மாடியை விட்டு இறங்க முடியாத ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். இந்த ஞாயித்துக்கிழமை போய்க் கேளுங்க, எங்க போகணும்னு. தூக்கறதுக்கு முன்னாடி எப்படித் தூக்கணும்னு அவரைப் பார்க்கிற டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.