ஞாயிறு ஆட்டம்



மார்ச்சில் பேரனோடு அமெரிக்காவின் இத்தாக்காவுக்குப் போகத் திட்டம். கார்னெல் பல்கலைக்கழக ஊர். பனி ஹாக்கி காலிறுதி. மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். வெள்ளி, சனி ஆட்டம். ஆளுக்கொன்று வென்றால் ஞாயிறும் உண்டு. "ஞாயிறு இரவுக்கும் அறை போடு" என்றேன்.

1957இல் திறந்த லைனா அரங்கைப் பார்க்க ஆசை. அங்கே கோல் காத்தவர் கென் டிரைடன். 1964இல் தொழில்முறை அணி தேர்வு செய்தும் கல்லூரிக்கே போனார். 1967இல் கார்னெல் தேசிய சாம்பியன். 1969இல் அவருக்கு வரலாற்றுப் பட்டம். பிறகு மான்ட்ரியல் அணியில் ஆடிக்கொண்டே சட்டமும் முடித்தார். ஆறு ஸ்டான்லி கோப்பைகளும் வென்றார்.

விளையாட்டா, படிப்பா என்று என் முன் கண்கலங்கி நின்ற பிள்ளைகளிடம், "படிப்புதான்" என்று முடித்துவிட்டேன். இரண்டும் முடியும் என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களில் யாராவது இதைப் படித்தால், மன்னித்துவிடுங்கள்.